மீன் பெட்டி எந்தச் சந்தைக்கு? சரக்குப் போக்குவரத்தைக் கணக்காக எழுதப் பழகுவோருக்கு

குளச்சலில் இறங்கும் மீனைப் பக்கத்துத் தக்கலைக்கு அனுப்பு, தேங்காய்ப்பட்டணத்தில் இறங்குவதை மார்த்தாண்டத்துக்கு அனுப்பு. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வாடகை குறைவான இடத்துக்கு முதலில் அனுப்புவதில் என்ன தப்பு? ஒரு வண்டியை மட்டும் பார்த்தால் தப்பில்லை. மூன்று கரை, மூன்று சந்தை, எல்லாவற்றுக்கும் வாடகை கொடுப்பவர் ஒரே ஆள் என்று வரும்போதுதான் இந்த வழி அவருக்கு நஷ்டமாக முடிகிறது. எவ்வளவு நஷ்டம் என்பதை ஒரு தாளில் போட்டே காட்டிவிடலாம்.

வண்டி வைத்திருப்பவர்கள், மொத்த வியாபாரிகள், கல்லூரியில் செயல்முறை ஆராய்ச்சி (இருப்பதை வைத்து நல்ல முடிவெடுப்பதைக் கணக்காகப் போடும் பாடம்) படிக்கத் தொடங்கியிருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். உதாரணத்துக்குக் குமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். மலைக்கும் கடலுக்கும் நடுவே அடங்கிய சின்ன மாவட்டம். அதன் சாலை வரைபடம் ஒரு தாளில் முழுசாக அடங்கிவிடும், புதிதாகப் பழகுவதற்கு அது பெரிய வசதி.

முதல் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

‘மாவட்டத்தின் மீன் போக்குவரத்தை ஆராயப்போகிறேன்’ என்பது கேள்வி ஆகாது. ‘நாளைக் காலை எந்தக் கரையிலிருந்து எந்தச் சந்தைக்கு எத்தனை பெட்டி அனுப்ப வேண்டும், மொத்த வாடகை குறைய?’ என்பது கேள்வி. இதில் மூன்று விஷயங்கள் தெளிவாக நிற்கின்றன. நம் கையில் இருப்பது பெட்டிகளின் எண்ணிக்கை. நம் கையில் இல்லாதது கரையில் எவ்வளவு இறங்கும், சந்தையில் எவ்வளவு கேட்பார்கள் என்பது. அளவுகோல் வாடகை. கணித மாதிரி என்று சொல்வதெல்லாம் இந்த மூன்றையும் எண்ணாக எழுதுவதுதான். கேள்வி மங்கலாக இருந்தால் எவ்வளவு பெரிய மென்பொருள் வைத்திருந்தும் பிரயோஜனமில்லை.

அளவுகோலை யார் பார்வையில் வைக்கிறீர்கள் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். ஓட்டுநருக்கு நேரம் முக்கியம், வியாபாரிக்குப் பணம், வாங்குபவருக்கு மீன் கெடாமல் வருவது. மூன்றையும் ஒரே கணக்கில் திணித்தால் யாருக்கும் விடை கிடைக்காது.

இரண்டாம் படி: புள்ளியும் கோடும்

1736-இல் கணித மேதை ஆய்லர், கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களைப் பற்றிய புதிரைத் தீர்க்க ஊரின் நீள அகலத்தை எல்லாம் விட்டுவிட்டு, எது எதோடு இணைகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். நாமும் அதையே செய்வோம். ஊர்கள் புள்ளிகள், சாலைகள் கோடுகள்.

எல்லா ஊரையும் புள்ளியாக வைக்க வேண்டாம். வண்டி திரும்ப முடிவெடுக்கும் இடமும் சரக்கு ஏறி இறங்கும் இடமும் போதும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று தேசிய நெடுஞ்சாலை 66-இன் மேல் ஒரு வரிசை. கடலோரத்தில் சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம். இரண்டு வரிசைக்கும் நடுவே திங்கள்சந்தை, கருங்கல், புதுக்கடை ஆகிய சந்திப்புகள். இந்த நடுப் புள்ளிகளை விட்டுவிடாதீர்கள். கடலோரத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் வண்டி பிரியும் இடங்கள் அவைதான்.

மாவட்டத்தை விட்டு வெளியே போகும் கோடுகளையும் வரையுங்கள். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலி, மேற்கே களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம், தென்கிழக்கே அஞ்சுகிராமம் வழியாக ஒரு பாதை. இங்கே ஒரு நல்ல தேற்றம் உதவிக்கு வரும். ஒரு வலைப்பின்னலின் வழியாக அதிகபட்சம் எவ்வளவு சரக்கு பாயும் என்பது, அதை இரண்டாக வெட்டும் மிகக் குறுகலான வெட்டின் கொள்ளளவுக்குச் சமம். ஃபோர்டும் ஃபல்கர்சனும் 1956-இல் எழுதியது. கணவாயில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்தால் ஏன் நாகர்கோவில் வரை நெருக்கடி தெரிகிறது என்பதற்கு இதுதான் விளக்கம். உள்ளே எத்தனை சாலை போட்டாலும் வாசல் அகலமாகாமல் வெளியே போகும் சரக்கு கூடாது.

மூன்றாம் படி: கோட்டின் மேல் எண்

ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் எண் எழுத வேண்டும். பலரும் கிலோமீட்டரை எழுதுகிறார்கள். நான் நிமிடத்தை எழுதச் சொல்வேன், பணக் கணக்காக இருந்தால் ரூபாயை. காலை ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் தக்கலையைக் கடக்கும் நேரம் ஒன்றல்ல. போகும் கோட்டுக்கும் வரும் கோட்டுக்கும் தனித்தனி எண் வையுங்கள். நாகர்கோவிலுக்குள் ஒருவழிப் பாதைகள் இருப்பதால் அங்கே இது கட்டாயம்.

நேரத்தை வரைபடச் செயலி தரும் என்று விட்டுவிட வேண்டாம். அது பெரும்பாலும் காருக்கான நேரம். ஐஸ் பெட்டி ஏற்றிய டெம்போவின் ஓட்டுநரிடம் கேளுங்கள், ஒரு வாரம் குறித்து வையுங்கள். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், ஏற்ற எவ்வளவு, இறக்க எவ்வளவு. ஏற்றி இறக்கும் நேரத்தை விட்டுவிடுவதுதான் புதியவர்களின் கணக்கில் நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை. குறுகிய தூரத்தில் ஓட்டத்தைவிட அதுவே அதிகமாகிவிடும். சுமைகூலியும் அப்படித்தான்: தூரம் எதுவானாலும் பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை நிலையாக நிற்கும்.

எண்கள் வந்துவிட்டால் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறைந்த நேரப் பாதையை டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறை கண்டுபிடித்துக் கொடுக்கும். குளச்சலிலிருந்து மார்த்தாண்டத்துக்குக் கருங்கல் வழியா, தக்கலை வழியா? புறப்பட்ட இடத்திலிருந்து மிக அருகில் இருக்கும் புள்ளியை முடிவாக்கு, அங்கிருந்து அடுத்த புள்ளிகளின் நேரத்தைத் திருத்து, மறுபடி மிக அருகில் இருப்பதை முடிவாக்கு. அவ்வளவுதான். இந்தத் தாளுக்குக் கையாலேயே பத்து நிமிடத்தில் முடியும்.

நான்காம் படி: எங்கிருந்து எங்கே எவ்வளவு

இனி முக்கியமான இடம். இங்கே கொஞ்சம் நின்று போவோம். கீழே வரும் எண்கள் பழக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் கையில் உண்மையான எண்கள் வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு காலையில் சின்னமுட்டத்தில் 40 பெட்டி, குளச்சலில் 35, தேங்காய்ப்பட்டணத்தில் 75. மொத்தம் 150. நாகர்கோவில் 70 கேட்கிறது, தக்கலை 30, மார்த்தாண்டம் 50. அதுவும் 150. ஒரு பெட்டிக்கான வாடகை ரூபாயில்:

சின்னமுட்டத்திலிருந்து நாகர்கோவில் 20, தக்கலை 34, மார்த்தாண்டம் 48.
குளச்சலிலிருந்து நாகர்கோவில் 20, தக்கலை 11, மார்த்தாண்டம் 18.
தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நாகர்கோவில் 38, தக்கலை 22, மார்த்தாண்டம் 12.

முதலில் எல்லோரும் சொல்லும் வழி. மிகக் குறைந்த வாடகை 11, ஆகவே குளச்சலிலிருந்து தக்கலைக்கு 30 பெட்டி. அடுத்தது 12, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு 50. தக்கலையும் மார்த்தாண்டமும் நிறைந்துவிட்டன. மிச்சமெல்லாம் நாகர்கோவிலுக்கு: சின்னமுட்டத்திலிருந்து 40, குளச்சலிலிருந்து 5, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து 25. வாடகை 330 + 600 + 800 + 100 + 950, மொத்தம் 2780 ரூபாய்.

இப்போது ஒரு பெட்டியை மட்டும் மாற்றிப் பார்ப்போம். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் ஒரு பெட்டியைத் தக்கலையில் இறக்கிவிடுங்கள். 38 மிச்சம், 22 செலவு. தக்கலையில் ஒன்று கூடிவிட்டது, ஆகவே குளச்சலிலிருந்து தக்கலைக்குப் போகும் ஒன்றை நிறுத்துங்கள். 11 மிச்சம். அந்தப் பெட்டியை நாகர்கோவிலுக்கு அனுப்புங்கள். 20 செலவு. எந்தக் கரையிலும் எந்தச் சந்தையிலும் கணக்கு மாறவில்லை. கூட்டிப் பார்த்தால் 49 மிச்சம், 42 செலவு. பெட்டிக்கு 7 ரூபாய் லாபம்.

இந்தச் சுற்றை 25 பெட்டிக்கும் செய்யலாம். செய்தால் குளச்சல் 30 பெட்டியை நாகர்கோவிலுக்கும் 5 பெட்டியை மட்டும் தக்கலைக்கும் அனுப்பும், தக்கலைக்கு வேண்டிய மிச்சம் 25 தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வரும். மொத்தம் 2605 ரூபாய். 175 ரூபாய் குறைந்துவிட்டது. குளச்சல் தன் பக்கத்துச் சந்தையை விட்டுக்கொடுத்ததால்தான் தேங்காய்ப்பட்டணத்து மீன் நாகர்கோவில் வரை ஓடாமல் நின்றது.

இதற்குமேல் குறைக்க முடியுமா? இப்போது பெட்டி எதுவும் போகாத ஒவ்வொரு கரை–சந்தை ஜோடியிலும் ஒரு பெட்டியை வைத்து, மேலே செய்ததுபோல் சுற்று போட்டுப் பாருங்கள். சின்னமுட்டம்–தக்கலை 23 ரூபாய் கூடுதல், சின்னமுட்டம்–மார்த்தாண்டம் 47, குளச்சல்–மார்த்தாண்டம் 17, தேங்காய்ப்பட்டணம்–நாகர்கோவில் 7. எல்லாமே செலவைக் கூட்டுகின்றன. ஆகவே இதுவே மிகக் குறைந்த செலவு. நம்பச் சொல்லவில்லை, கணக்கே நிரூபித்துவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு வடமேற்கு மூலை முறை, மீச்சிறு செலவு முறை, வோகலின் தோராய முறை மூன்றும் நினைவிருக்கும். நாம் முதலில் போட்டது மீச்சிறு செலவு முறை. மூன்றுமே தொடங்குவதற்கான விடையைத்தான் தருகின்றன. வோகல் முறை இந்தக் கணக்கில் நேராக 2605-க்கே கொண்டு போய்விடும், ஆனால் எப்போதும் அப்படி அமையாது. சுற்று போட்டுச் சோதிக்காமல் நிறுத்தக் கூடாது.

சுற்றுப் போட்டுப் பார்க்கும் யோசனை பழையது. ஏ. என். டால்ஸ்டாய் என்பவர் (நாவலாசிரியர் வேறு) 1930-இலேயே சோவியத் ரயில்களில் சரக்கு அனுப்ப இதை எழுதிவிட்டார். ஹிட்ச்காக் 1941-இல் இந்தக் கணக்கை இன்றைய வடிவில் வைத்தார், டான்ட்சிக் 1947-இல் இத்தகைய கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையைத் தந்தார். கான்டொரோவிச்சும் கூப்மன்சும் இந்த வகை வேலைக்காக 1975-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

விடையோடு இன்னொன்றும் கிடைக்கிறது, அதைப் பலர் பார்ப்பதே இல்லை. தேங்காய்ப்பட்டணத்தில் இறங்கிய ஒரு பெட்டி குளச்சலில் இறங்கியிருந்தால் என்ன ஆகும்? தக்கலைக்கு 22 ரூபாயில் வந்தது 11 ரூபாயில் வந்திருக்கும். ஆக, கரை மாற்றத்துக்கு மதிப்பு பெட்டிக்கு 11 ரூபாய். வாங்குபவர் குளச்சல் ஏலத்தில் பெட்டிக்கு 11 ரூபாய் வரை கூடுதலாகக் கேட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை. இதை நிழல் விலை என்பார்கள். மென்பொருள் தரும் அறிக்கையில் இது தனிப் பத்தியாகவே வரும்.

கணினியில் போட எக்செல் அல்லது லிப்ரேஆபிஸ் கால்க் போதும். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் வாடகை, அதே அளவில் இன்னொரு கட்டத்தில் பெட்டி எண்ணிக்கை. இரண்டையும் சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) சூத்திரத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்த வாடகை. சால்வர் (Solver) என்ற கருவியில், பெட்டி எண்ணிக்கையை மாற்றி அந்த மொத்த வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள், வரிசைக் கூட்டல் கரையின் அளவுக்கும் நிரல் கூட்டல் சந்தையின் அளவுக்கும் சமம் என்று எழுதுங்கள், எதிர்ம எண் கூடாது என்று சொல்லுங்கள், சிம்ப்ளெக்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு பெரிதாகும்போது பைத்தான் நிரல்மொழிக்குப் போகலாம். அதற்கு முன் வேண்டாம். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய அளவில் முதலில் பழகுங்கள்.

ஐந்தாம் படி: கணக்கு சமமாக இல்லாதபோது

150-க்கு 150 என்று எந்தக் காலையும் அமையாது. மீன் அதிகமானால் ‘மிச்சம்’ என்று ஒரு கற்பனைச் சந்தையைச் சேர்த்து, ஐஸ் போட்டு வைப்பதற்கோ கருவாட்டுக்குப் போவதால் குறையும் விலைக்கோ ஆகும் தொகையை அதன் வாடகையாக எழுதுங்கள். குறைந்தால் ‘பற்றாக்குறை’ என்று ஒரு கற்பனைக் கரை. அதன் வாடகை, கேட்டவருக்கு இல்லை என்று சொல்வதால் வரும் நஷ்டம். இதைப் பூஜ்யம் என்று போட்டுவிட்டால் மாதிரி சந்தோஷமாக எல்லோரையும் பட்டினி போட்டுவிடும்.

குமரியில் இதைத் தவிர்க்கவே முடியாது. விசைப்படகுத் தடைக்காலம் சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடை. ஆகவே ஆண்டுக்கு ஒரே தாள் போதாது. மே மாதத்தில் சரக்கு மேற்கிலிருந்து கிழக்கே ஓடும், ஜூலையில் திசை திரும்பிவிடும். ஜூன் முதல் இரண்டு வாரங்கள் இரண்டு பக்கமும் வள்ளங்களும் கட்டுமரங்களும் கொண்டுவருவது மட்டும்தான். வண்டி ஒப்பந்தம் போடுகிறவர்கள் இந்தத் தேதிகளை வைத்துத் தனித்தனித் தாள் போட்டுப் பார்க்க வேண்டும். சராசரி எடுத்து ஒரே தாளாகப் போட்டால் எந்த மாதத்துக்கும் பொருந்தாத விடை வரும்.

ஆறாம் படி: பெட்டி அல்ல, வண்டி

நம் விடையில் குளச்சலிலிருந்து தக்கலைக்கு 5 பெட்டி என்று வந்ததே, ஐந்து பெட்டிக்கு யார் டெம்போ அனுப்புவார்கள்? நல்ல கேள்வி. பெட்டிக்கு இவ்வளவு என்ற வாடகை முழு லோடுக்குத்தான் பொருந்தும். வண்டியே நகர்கிற அலகு என்றால் வண்டிகளின் எண்ணிக்கையை முழு எண்ணாக மாதிரியில் சேர்க்க வேண்டும். அல்லது இரண்டு இடங்களை ஒரே ஓட்டத்தில் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பதற்கு கிளார்க்கும் ரைட்டும் 1964-இல் சொன்ன எளிய விதி இருக்கிறது. புறப்படும் இடத்திலிருந்து முதல் ஊருக்கான தூரத்தையும் இரண்டாம் ஊருக்கான தூரத்தையும் கூட்டி, அந்த இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கழியுங்கள். வருவதே, தனித்தனி வண்டி போய்வருவதைவிடக் கிடைக்கும் சேமிப்பு. குளச்சலிலிருந்து தக்கலை 12 கிலோமீட்டர், நாகர்கோவில் 20, தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே 16 என்று வைத்தால் சேமிப்பு 12 + 20 − 16 = 16 கிலோமீட்டர். ஆகவே 35 பெட்டியும் ஒரே வண்டியில் ஏறி, தக்கலையில் 5 இறக்கிவிட்டு நாகர்கோவில் போகட்டும். இதே விதியை நாகர்கோவில் குடோனிலிருந்து கன்னியாகுமரிக்கும் மார்த்தாண்டத்துக்கும் போட்டுப் பாருங்கள். எதிரெதிர்த் திசை, சேமிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். அந்த இரண்டையும் சேர்க்கவே வேண்டாம்.

நெரிசல் பற்றிச் சுருக்கமாக

மேலே கோட்டின் மேல் எழுதிய நேரம் நிலையான எண் அல்ல. அமெரிக்கச் சாலைத்துறை 1964-இல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: சாலையில் ஓடும் வண்டிகளைக் கொள்ளளவால் வகுத்து, அதை நான்கு மடி ஏற்றி, 0.15-ஆல் பெருக்கி, 1 கூட்டி, காலிச் சாலை நேரத்தால் பெருக்கு. காலிச் சாலையில் 20 நிமிடம் என்றால் கொள்ளளவு நிறையும்போது 23 நிமிடம். ஒன்றரை மடங்கு ஆனால் 35. இரண்டு மடங்கு ஆனால் 68. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஒரே அடியாகத் தாவுகிறது பாருங்கள். 0.15, 4 என்ற எண்கள் அங்கத்திய சாலைகளுக்கானவை. ஆட்டோவும் பேருந்தும் பைக்கும் கலந்தோடும் நம் சாலைக்கு அளந்துதான் எண்ணை மாற்ற வேண்டும்.

வார்ட்ராப் 1952-இல் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு ஓட்டுநரும் தனக்கு வேகமான பாதையைப் பிடித்து நிலைகொள்வது ஒன்று, எல்லோரின் மொத்த நேரமும் குறைவது இன்னொன்று. குளச்சல் மீன் கணக்கில் பார்த்த அதே இடைவெளிதான். பிரேஸ் 1968-இல் இன்னும் ஒரு படி போய், புதிதாக ஒரு சாலையைச் சேர்த்தாலேயே எல்லோரின் நேரமும் கூடக்கூடிய வலைப்பின்னல் உண்டு என்று நிரூபித்தார். ஆகவே 2018-இல் திறந்த மார்த்தாண்டம் மேம்பாலம் போன்ற ஒரு புதிய கோட்டைச் சேர்க்கும்போது, அந்த ஒரு கோட்டை மட்டும் பார்க்காமல் முழு வலைப்பின்னலையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பதே முறை.

ஏழாம் படி: எவ்வளவு வாங்கி வைப்பது

தோவாளைப் பூச்சந்தைக்கு விடிவதற்கு முன்பே வியாபாரிகள் வந்துவிடுவார்கள். கேரளத்துக்கும் அங்கிருந்து பூ போகிறது. பிச்சிப்பூவை நாளைக்கு வைக்க முடியாது. கிலோ 200-க்கு வாங்கி 300-க்கு விற்கிறீர்கள், மிச்சம் 50-க்குத்தான் போகும் என்று வைப்போம். ஒரு கிலோ குறைவாக வாங்கினால் 100 போச்சு, கூடுதலாக வாங்கினால் 150 போச்சு. இரண்டையும் கூட்டினால் 250. 100-ஐ 250-ஆல் வகுத்தால் 0.4, அதாவது இருபதில் எட்டு. கடந்த இருபது சாதாரண நாட்களின் தேவையைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, எட்டாவது எண்ணை எடுங்கள். அவ்வளவு வாங்கினால் போதும். சராசரியைவிட இது பொதுவாகக் குறைவாக இருக்கும். மிஞ்சும் பூவின் நஷ்டம் அதிகம் என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. முகூர்த்த நாளையும் ஓணத்துக்கு முந்தைய நாட்களையும் சாதாரண நாளோடு கலக்காதீர்கள், அவற்றுக்குத் தனி அடுக்கு. அப்புறம், விற்ற அளவு வேறு, தேவை வேறு. எட்டு மணிக்கே பூ தீர்ந்த நாளில் எத்தனை பேர் கேட்டுவிட்டுப் போனார்கள் என்று குறித்து வைக்காவிட்டால், உங்கள் கணக்கு வருஷம் முழுக்கக் குறைவாகவே வாங்கச் சொல்லும்.

கடைசிப் படி: உடைத்துப் பாருங்கள்

விடையை நடைமுறைக்குக் கொண்டுபோகும் முன், நேற்றைய எண்களைப் போட்டு ஓட்டி, நேற்று உண்மையில் ஆன செலவோடு ஒப்பிடுங்கள். மாதிரி சொல்லும் செலவு உண்மையில் பாதி என்று வந்தால் குஷிப்படாதீர்கள். பெரும்பாலும் எதையோ விட்டிருப்பீர்கள்: திரும்பி வரும் காலி வண்டி, கமிஷன், ஐஸ். ஓட்டுநரிடம் விடையைக் காட்டுங்கள். ‘அந்த ரோட்டுல காலையில போக முடியாது’ என்று அவர் சொன்னால் அது புதிய கட்டுப்பாடு, எழுதிச் சேருங்கள்.

அடுத்து ஒவ்வொரு கோடாக அழித்து ஓட்டுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது மரங்கள் சாய்ந்து மாவட்டம் முழுக்கச் சாலைகள் அடைபட்டதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. குழித்துறை ஆற்றுப் பாலம் ஒரு நாள் இல்லையென்றால் மார்த்தாண்டத்துக்கு எவ்வளவு சரக்கு போகும், எந்தப் பாதையில், எத்தனை நிமிடம் கூடுதலாக? கருங்கல் சந்திப்பு அடைபட்டால்? எந்தக் கோட்டை அழித்தால் செலவு அதிகமாக ஏறுகிறது என்று வரிசைப்படுத்தி, முதல் இரண்டுக்கு மாற்றுப் பாதையையும் அதற்கான வாடகையையும் இப்போதே பேசி எழுதி வையுங்கள்.